வண்டியின் வலப்பக்கம்

ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மெக்கானிக்குகள் சங்கத்திலிருந்து ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்பறை வாசலில் நின்றார். "டீச்சர், சங்கரபாண்டி அண்ணன் தவறிட்டாக. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னாக. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார். சாக்பீஸை மேசைமேல் வைத்தேன். பிள்ளைகளை வாய்க்குள் படிக்கச் சொன்னேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சொல்லாமலே போய்விட்டீர்களே அண்ணே என்று நினைத்தேன். அழுகை வீட்டுக்கு வந்த பிறகு வந்தது.

சங்கத்து நண்பர்களே, காரியம் முடிந்ததும் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். உங்கள் வரவேற்புரைகளையும் மனுக்களையும் எழுதித் தருகிறவள் என்பதால் இந்த நினைவு மலருக்கும் என்னையே கேட்டீர்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க டீச்சர். உங்களக் கூடப்பொறந்த தங்கச்சியாத்தான நெனச்சாரு" என்றீர்கள். நினைத்தார்தான். நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிறேன். அதோடு நிறுத்த என்னால் முடியாது. மலரில் போட மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒருமுறை வாசித்துவிட்டு விடுங்கள்.

அவர் வேலை செய்யும் முறை உங்களுக்குத் தெரியாததல்ல. விழுந்து அடிபட்ட வண்டி கடைக்கு வந்தால் எடுத்தவுடன் ஸ்பானரைத் தொட மாட்டார். வண்டிக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முன் சக்கரத்தில் ஆரம்பித்து, கண்ணில் படுகிற சேதத்தை எல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார். இடப்பக்கம் முடிந்ததும் வண்டியைச் சுற்றிப்போய் வலப்பக்கம். கடைசியில், "அம்புட்டுத்தான்" என்பார். அதற்குப் பிறகுதான் கை வேலை செய்யும். ஏன் இப்படி ஏலம் போடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கண்ணு பாத்ததை வாய் சொல்லணும் தங்கச்சி. வாய் சொன்ன பொறவுதான் கை தொடணும். இல்லாட்டி கை தன் இஷ்டத்துக்கு மறைச்சிரும்" என்றார். சொன்னவர் அவர்தான்.

நல்ல வார்த்தைக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். சத்திரப்பட்டியிலிருந்து பேண்டேஜ் துணிக்காரர் ஒருவர், கீழே விழுந்ததில் ஹெட்லைட் மட்டும் போய்விட்டது, மாற்றிக்கொடு என்று அவசரமாக வந்தார். இவர் வழக்கம்போல் முன்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். ஹேண்டிலுக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தது. "லைட்டு கெடக்கட்டும் மொதலாளி. இதுல ஏறி வீட்டுக்குப் போக விடமாட்டேன்" என்று சாவியை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனிதர் கத்தினார். கத்தட்டும் என்று அவரை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார். மறுவாரம் அந்த முதலாளி கடைக்கு ஒரு மூட்டை கழிவுத் துணி அனுப்பினார். வெகுநாள் அதில்தான் கை துடைத்தார்கள்.

இனி என் கதை. என் கணவர் முருகேசன் பஞ்சு மில்லில் பிட்டர். சங்கரபாண்டி அண்ணனும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள். எண்பத்தாறில் ஆயுதபூஜைக்கு முதல் நாள், எல்லாரையும் போல என் கணவரும் வண்டியைக் கடையில் விட்டார். பின் பிரேக் கொஞ்சம் சத்தம் போடுகிறது, பார்த்து, கழுவி, பொட்டு வைத்து வை என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் சந்தனமும் குங்குமமும் மாலையுமாக வண்டி மணப்பெண் போல வீட்டு வாசலில் நின்றது. விஜயதசமியன்று லீவு. பிளவக்கல் அணையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எங்கள் நாலு வயது மகள் மாலதியை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனோம்.

திரும்பும்போது கூமாப்பட்டி தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். பின்னால் ஏதோ கடகடவென்று அடித்தது. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மைல்கல்லில் மோதியது. எனக்கு மணிக்கட்டு உடைந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை. ஓடிவந்தவர்கள் பார்த்தபோது என் புதுச் சேலையின் முந்தானை பின் சக்கரத்தில் சுற்றிக் கிழிந்து கிடந்தது. அது போதுமானதாக இருந்தது. போலீசும் அதையே எழுதிக்கொண்டது. மாமியாரும் அதையே சொன்னார். "புதுச் சேலையப் பறக்கவிட்டு எம்மகன முழுங்கிட்டா. சேலை சுத்தாம இருக்கக் கம்பி போட்டிருந்தும் அள்ளிச் சொருகத் தெரியலயே இவளுக்கு!"

வண்டியை வீட்டுக்குள் விடக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். காவு வாங்கிய வண்டி. போலீஸ் ஒப்படைத்ததும் மாட்டுவண்டியில் ஏற்றி நேராக சங்கரபாண்டி அண்ணன் கடைக்குக் கொண்டுபோனார்கள். என்ன நடந்தது என்று அவன் வாயால் சொல்லட்டும், அவன் சொன்னால் சரி என்று மாமியார் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாவுக்கட்டுக் கையோடு நானும் ஓரமாக நின்றேன். எனக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. என் சேலை முந்தானை எப்போதும் மடியில்தான் இருக்கும். அன்றும் இருந்தது. அவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்று காத்திருந்தேன்.

எல்லாரையும் வண்டியின் இடப்பக்கம் நிற்கச் சொன்னார். ஆரம்பித்தார். "முன் ரிம்மு எட்டா வளைஞ்சிருக்கு. போர்க்கு ரெண்டும் உள்ள போயிருக்கு. ஹேண்டிலு திரும்பிருக்கு. டேங்கு நசுங்கிருக்கு. மிதி உடைஞ்சிருக்கு." ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். பின் சக்கரத்துக்கு வந்ததும் குரல் இறங்கியது. "சேலை சுத்திருக்கு" என்றார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். வலப்பக்கம் போகவில்லை. அன்று அதை நான் கவனிக்கவில்லை. வேறு யாரும் கவனிக்கவில்லை. மாமியார் என்னைப் பார்த்து, "கேட்டியாட்டி?" என்றார்.

மாலதியை எனக்குத் தரவில்லை. புருஷனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளுக்குப் பிள்ளையைப் பார்க்கத் தெரியுமா என்றார்கள். நான் இராஜபாளையத்தில் அம்மா வீட்டுக்கு வந்து பள்ளிக்கூட வேலையைத் தொடர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் என் பிள்ளையை விருந்தாளி போலப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்த வண்டியை வாங்க ஆள் இல்லை. சங்கரபாண்டி அண்ணனே எடுத்துக்கொண்டார். போர்க்கை மாற்றினார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நேர்கோடு வருகிறதா என்று மில் நூலைக் கட்டிக் கட்டிப் பார்த்தார். டேங்கைத் தட்டி நிமிர்த்தினார். பழைய வண்டி என்று யாரும் சொல்ல முடியாது. காவு வாங்கிய வண்டியில் துணிந்து ஏறுகிறானே என்று ஊரே மெச்சியது. என் பள்ளிக்கூட வழியாகத்தான் தினமும் போவார். தீபாவளிக்குப் பலகாரம், பொங்கலுக்குக் கரும்பு, அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது ஆஸ்பத்திரிக்குத் துணை. அவர் செய்யாத உதவி இல்லை. மாமியார் வீட்டுக்கும் அப்படியே. நானும் அவரைத் தெய்வம் என்றே நம்பினேன். ஏமாந்த சோணகிரி.

மாலதி வளர்ந்தாள். என்னோடு பஸ் ஏறும்போதெல்லாம் முதலில் என் முந்தானையைச் சுருட்டித் தன் கையில் பிடித்துக்கொள்வாள். இறங்கும்வரை விட மாட்டாள். முதலில் பாசம் என்று நினைத்தேன். ஒருநாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அன்னைக்கும் இப்படிப் புடிச்சிருந்தா அப்பா இருந்திருப்பாகல்லம்மா?" பஸ் நிறைய ஆட்கள். அதற்குள் நானும் அப்படித்தான் நம்ப ஆரம்பித்திருந்தேன். மடியில் இருந்த சேலையை எப்போது விட்டேன் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

விபத்து நடந்து ஒன்பது வருடம் கழித்து ஒரு ஞாயிறு காலை சங்கரபாண்டி அண்ணன் வந்தார். வண்டியை வாசலில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். "தங்கச்சி, செத்த நேரம் வெளிய வாங்க" என்றார். காப்பி கொண்டுவரட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். வண்டிக்கு முன்னால் நின்று சொல்ல ஆரம்பித்தார். "முன் ரிம்மு எட்டா வளைஞ்சிருந்துச்சு. போர்க்கு ரெண்டும் உள்ள போயிருந்துச்சு." அன்றைக்குச் சொன்னதையே ஒன்று விடாமல் சொன்னார். "சேலை சுத்திருந்துச்சு" என்றார். நிற்கவில்லை. வலப்பக்கம் சுற்றிப் போனார். நானும் போனேன்.

"பிரேக்குத் தட்டு திரும்பாமப் புடிக்கிற பட்டை இது. இது கழண்டு சக்கரக் கம்பிகளுக்குள்ள போய்ச் சொருகியிருந்துச்சு. வீலு பூட்டிக்கிட்டு. அதுலதான் வண்டி விழுந்திருக்கு. விழுந்த பொறவுதான் சேலை சுத்திருக்கு. இந்த நட்டு கழலாம இருக்க ஒரு பின்னு இருக்கணும். அன்னைக்கு இல்ல. ஆயுதபூஜைக் கூட்டத்துல கையால முடுக்கிட்டு, ஸ்பானர் போடுததுக்குள்ள யாரோ கூப்புட்டாக. வந்து பாக்கையில எல்லா நட்டு மேலயும் சந்தனம் அப்பிக் குங்குமம் வச்சாச்சு. வச்சதும் நாந்தான். சந்தனத்துக்குள்ள பின்னு இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

பின் சக்கரத்தைத் தாங்குகிற இரும்பில், அந்தப் பட்டை போய் இடித்த இடத்தில் ஒரு வெட்டு இருந்தது. வண்டி முழுக்கப் புதிதாகப் பெயின்ட் அடித்தவர் அதை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தார். ஏன் அண்ணே அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். "கடைய மூடிருவாகன்னு பயம். ரெண்டு பிள்ளைய வச்சிருந்தேன் தங்கச்சி" என்றார். எனக்கு ஒரு பிள்ளை இருந்தது அண்ணே என்றேன். இப்போது மட்டும் ஏன் சொல்கிறீர்கள் என்றேன். "சொல்லிட்டா உறக்கம் வரும்னு நெனச்சேன்" என்றார். அவருடைய உறக்கத்துக்காக வந்திருக்கிறார். என் உறக்கத்தை ஒன்பது வருடமாக எடுத்து வைத்திருந்த மனிதர். அந்த ஒரு வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

என்னிடம் சொல்லி என்ன செய்ய, ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து சொல்லுங்கள் என்றேன். வந்தார். மாமியார் பாயை விரித்து உட்காரவைத்து, "எம்மகன் போன பொறவு எனக்கு மகனா நின்னது நீதானப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாலதி காப்பி கொண்டுவந்தாள். காப்பியைக் குடித்தார். மழை இல்லை என்று பேசினார். எழுந்து வந்துவிட்டார். தெருமுனையில், "அடுத்த தடவ சொல்லிருதேன்" என்றார். வண்டியையாவது கொடுங்கள், நான் காட்டிக்கொள்கிறேன் என்றேன். "இல்ல, நானே நின்னு, நானே சொல்லுதேன்" என்றார். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. வீறாப்பில் நானே ஒருநாள் மாமியாரிடம் சொன்னேன். "ஏட்டி, உனக்கு ஒத்தாசை பண்ணுத மனுசன் மேலயே பழியப் போடுதியா? நீயெல்லாம் பொம்பளையா?" என்றார். மாலதி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் எங்களுக்குச் செய்த நல்லதெல்லாம் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டது.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாவு வீட்டில் அவர் மனைவி, அண்ணி கதறியபோது நானும் கட்டிக்கொண்டு கதறினேன். அது நடிப்பில்லை.

பதினாறாம் நாளுக்குப் பிறகு அண்ணியிடம் அந்த வண்டியைக் கேட்டேன். "கொண்டுபோங்க மதினி. அவிய தவிர வேற யாரும் இதுல ஏறுனதில்ல" என்று சாவியைத் தந்தார். ஏன் என்று கேட்கவில்லை. இப்போது அது என் வீட்டு வாசலில் நிற்கிறது. நண்பர்களே, நீங்கள் எல்லாரும் தொழில் தெரிந்தவர்கள். வந்து பாருங்கள். சேலை சுற்றுவது இடப்பக்கம். வெட்டு இருப்பது வலப்பக்கம். பார்த்துவிட்டு, உங்களில் ஒருவராவது ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அந்தப் பெரிய மனுஷியிடம் சொல்லுங்கள். இப்போது அவருக்குக் காது மந்தம். கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும்.

போன ஞாயிறு மாலதியை வீட்டுக்கு அழைத்து வந்தேன். பிளஸ் டூ படிக்கிறாள். அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய முறை ஒன்றைத்தான். வண்டிக்கு முன்னால் நின்று அதேபோல உரக்கச் சொன்னேன். ரிம், போர்க், டேங்க். கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். சேலை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னும் முடியவில்லை, இந்தப் பக்கம் வா என்றேன். வந்தாள். குத்தவைத்து உட்கார்ந்து அந்த வெட்டில் விரலை வைத்தாள். பிறகு நட்டைப் பார்த்தாள். அதில் இப்போது பின் இருக்கிறது. கொண்டை ஊசியை விடச் சிறியது. அதையும் தொட்டாள். "இம்புட்டுத்தானாம்மா?" என்றாள். இம்புட்டுத்தான் என்றேன்.

சாயங்காலம் அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் விட்டுவர நானும் கூடப் பஸ் ஏறப் போனேன். பழக்கதோஷத்தில் முந்தானையை அவள் பக்கம் நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்து ஏறி, திரும்பி, "வாம்மா" என்று கையை நீட்டினாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். இதற்கு நீங்கள் சாக வேண்டியிருந்ததே அண்ணே என்றுதான் எனக்கு வந்தது.