காத்திருக்கச் சொன்ன விரல்

தொண்ணூறுகளில் எங்கள் தேயிலைத் தோட்டம் முழுவதற்கும் இருந்த ஒரே தொலைபேசி, கந்தோர் எனப்படும் தோட்ட அலுவலகத்தில் பெரிய கிளாக்கரின் மேசைமேல் இருந்தது. அவர் அதில் பேசத் தொடங்கினால், அலுவலாகப் போனவர்கள் படியிறங்கி முற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். இடையில் யாராவது வாய் திறந்தால் அவர் ஒரு விரலை உயர்த்துவார். என் அம்மா கொழுந்துக் கூடையோடு அப்படி நின்றதைச் சிறுமியாகப் பார்த்திருக்கிறேன். அந்த விரலை நான் மன்னித்ததேயில்லை.

பின்னாளில் அதே தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியையாகி, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்த குவாட்டர்ஸில் குடியேறினேன். அப்போது, லயத்தில் யாரிடமும் இல்லாத ஒரு கைத்தொலைபேசி வாங்கினேன். அழைப்பு வராத நேரத்திலும் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அடுப்பில் பால் பொங்கி வழியும். வீட்டுக்கு வந்தவர்களின் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் எப்போது என்னைவிட்டுப் போனதென்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கந்தோரும் டிஸ்பென்சரியும் பூட்டியிருந்தன, மழை. கொழும்பிலிருந்த தங்கையோடு அவள் எடுக்கப்போகும் சேலையின் நிறம்பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கீழ் லயத்து அக்கா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர்..."

நான் ஒரு விரலை உயர்த்தினேன்.

அவர் உடனே படியிறங்கி, மழையில், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். உள்ளே வரச்சொல்ல நினைத்தேன். அதற்குள் தங்கை ஏதோ சிரிப்பாகச் சொன்னாள். பேசி முடிக்க அரைமணி நேரம் ஆகியிருக்கும். முற்றத்தில் யாருமில்லை. அவசரமில்லாத விஷயம்போலும் என்று இருந்துவிட்டேன்.

மாலையில் லயத்திலிருந்து அழுகை கேட்டது. அக்காவின் கணவருக்குக் காலையிலிருந்தே நெஞ்சு அடைத்திருக்கிறது. மஸ்கெலியா டவுனிலிருந்து ஓர் ஆட்டோவை அழைத்துத் தரச் சொல்லித்தான் அக்கா என்னிடம் வந்திருக்கிறார். நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், கணவரைக் கம்பளியில் கிடத்தி, நாலு பேரோடு ரோட்டுக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார். பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது.

லயத்துக்கு இறங்கிப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதாக்கா?"

"நீங்க போன்ல இருந்தீங்களே டீச்சர். எடையில பேசுனா மருவாதியா இருக்குமா?"

அவர் குரலில் கோபமே இல்லை. சுவரோரம் இருந்த அவருடைய நாத்தனார்தான் சொன்னாள்: "பெரிய கிளாக்கர் போயிட்டாருன்னு பாத்தோம். மேல குவாட்டர்ஸ்ல வந்துல்ல குந்தியிருக்காரு."

"சும்மா இருடி. டீச்சர் வந்திருக்காங்க" என்று அக்கா அவளை அடக்கினார்.

அந்த நேரம் பார்த்து என் இடுப்பில் செருகியிருந்த கைத்தொலைபேசி அடித்தது. ஒப்பாரி சட்டென்று நின்றது. நான் பேசுவதற்காக, பிணத்தைச் சுற்றியிருந்த பெண்கள் அத்தனை பேரும், குத்திப் பேசிய நாத்தனாரும், அக்காவும்கூட, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.