லிஸ்டில் இல்லாத தங்கச்சி

இதைப் படித்துவிட்டு, "வேலைப்பளு, மனசு குழம்பியிருக்கும்" என்று நீங்கள் சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். முதல் இரண்டு நாள் நானும் எனக்கு அதையேதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது. எந்த நிமிடத்தில் எது என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். என் தொழிலில் எல்லாமே நேரத்தோடு எழுதப்படும்.

நான் இணையதளம் கட்டுகிறவள். பதினோரு வருடமாக ஒரே அலுவலகம், மூன்றாவது மாடியில் சுவரோரமாக ஒரே நாற்காலி. சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் கட்டடம், எதிரே இன்னொரு கட்டடம். இரண்டுக்கும் தனித்தனி நெட்வொர்க். நடுவில் ஒரே ஒரு வழி.

எதிர்க் கட்டடத்தில் அவள் இருந்தாள். ஆபீஸே அவளை மின்னல் என்றுதான் கூப்பிடும். நான் ஒரு நாள் முழுக்க முட்டி மோதும் கோளாறை அவள் டீ ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்துவிட்டு, "அக்கா சொல்லிக் கொடுத்ததுதான்" என்பாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் கெட்டிக்காரியாக மட்டும் இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நல்லவளாகவும் இருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வந்த புதிதில், அவளை என் பக்கத்தில் உட்கார வைக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். இடம் போதாது சார் என்றேன். மேஜைக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் படுத்து உருளலாம்.

கணினிகளுக்குச் செல்லப்பெயர் வைத்தவளும் அவள்தான். தகவல் எல்லாம் இருக்கும் சர்வருக்கு வீடு. என் லேப்டாப் அக்கா. அவளுடையது தங்கச்சி.

ஒரு இணையப் பக்கம் ஓர் இடத்திலும் அதற்கான தகவல் வேறு இடத்திலும் இருந்தால், பிரவுசர் நேராக உள்ளே போகாது. முதலில் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்கும். வரலாமா? கேட்பவரின் பெயர் லிஸ்டில் இருந்தால் வீடு 'வா' என்று சொல்லும். இல்லாவிட்டால் 'இல்லை'. யார் கேட்டது, எத்தனை மணிக்கு, சுவரில் இருக்கும் எந்த நெட்வொர்க் சாக்கெட்டிலிருந்து என்று எல்லாம் வரிவரியாகப் பதிவாகும். அதை லாக் என்போம். அந்த லிஸ்டின் சாவி என்னிடம். என்னிடம் மட்டும்.

ஒரு வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, மின்னல் கட்டிய புதுப் பக்கத்தைப் பெரிய அதிகாரிகளுக்குக் காட்டுவதாக ஏற்பாடு. பிடித்துப்போனால் அவள்தான் டீம் லீட். எனக்கு ஆறு வருடம் பின்னால் வந்தவள்.

காலை 11:20-க்கு லிஸ்டைத் திறந்தேன். 'தங்கச்சி' என்ற வரியை அழித்தேன். மூடினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. ஒரு மணி நேரம் தடுமாறட்டும், அவ்வளவுதான் நினைத்தேன். அவளுக்கும் ஒன்று தெரியாமல் போகும் என்பதை ஒரே ஒரு தடவை எல்லாரும் பார்க்கட்டும்.

11:31-க்கு போன் செய்தாள்.

"அக்கா, வீட்டுல என்னை உள்ள விடமாட்டேங்குது."

"லிஸ்ட்ல இருக்கியே."

"அப்படியா? அப்ப என் பக்கம்தான் ஏதோ சொதப்பிட்டேன்."

11:40-க்கு மறுபடியும்.

"முடியலக்கா. லேப்டாப்பைத் தூக்கிட்டு அங்கயே வந்துடறேன். பக்கத்துல உக்காந்து பாத்தா ஆச்சு. ரெண்டு நிமிஷம்."

11:47-க்கு, சாலையை அவள் பாதி கடந்திருந்தபோது, ஒரு வேன்.

லேப்டாப் இரண்டு துண்டாகிவிட்டது என்று செக்யூரிட்டி அண்ணன் வந்து சொன்னார். அவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

எல்லாரும் அழுதார்கள், நானும். "கடைசி நேரத்துல அவ எதையோ மாத்தி வச்சிட்டா போல, அதான் திறக்கல" என்றார் மேனேஜர். நான் தலையாட்டினேன். அவள் படத்தை எங்கள் மாடியில் மாட்டினார்கள், சரியாக என் நாற்காலிக்கு எதிரே. போன பிறகும் என் எதிரில்தானா என்று தோன்றியது. இப்படி ஒருத்தி நினைப்பாளா என்று கேட்காதீர்கள். நான் நினைத்தேன்.

மூன்று வாரம் போனது. அந்தப் புதுப் பக்க வேலையை என்னிடம் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு டெமோ. சனிக்கிழமை விடுமுறையிலும் வந்தேன். 10:05. மாடியில் நான் மட்டும். ஏசியின் உறுமல். ஜன்னல் வழியே நல்ல வெயில்.

நான் கட்டிய பக்கம் ஒழுங்காகத்தான் திறந்தது. கொஞ்சம் மெதுவாக. ஏன் மெதுவாக என்று பார்க்க, பதினொன்றரைக்கு மேல் லாக்கைத் திறந்தேன்.

11:31. தங்கச்சி. வரலாமா? இல்லை.

சாக்கெட் எண் 2-14. 2 என்றால் எதிர்க் கட்டடம், 14 அங்கே அவள் உட்கார்ந்திருந்த இடம்.

பழைய வரி என்று நினைத்தேன். தேதியைப் பார்த்தேன். இன்றைய தேதி.

11:32. தங்கச்சி. வரலாமா? இல்லை.

புதிதாக யாருக்கோ அதே பெயரில் லேப்டாப் கொடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். இரண்டு கட்டடத்து வயரையும் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"அண்ணா, எதிர் பில்டிங்ல யாராவது இருக்காங்களா?"

"லீவு நாள்ல யாரும்மா இருப்பா? உங்களை மாதிரி ஆபீஸைக் கட்டிக்கிட்டவங்க ஊருக்கு ஒருத்தர்தான். ஏன்?"

"தங்கச்சின்னு ஒரு மெஷின் கேட்டுக்கிட்டே இருக்கு."



"திங்கட்கிழமை பாத்துக்கலாம்மா. நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க."

கிளம்பியிருக்க வேண்டும். திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. நிமிடத்துக்கு ஒரு வரி. 11:38. 11:39. 11:40. வரலாமா? இல்லை. வரலாமா? இல்லை.

11:41-க்கு வரவில்லை.

11:42... இல்லை.

11:46 வரை ஒன்றுமில்லை. நின்றுவிட்டது என்று மூச்சு விட்டேன்.

11:47. தங்கச்சி. வரலாமா? இல்லை.

எண் மாறியிருந்தது. 1-01.

எங்கள் கட்டடத்தின் வரவேற்பு மேஜை.

அன்று அவளால் கடக்க முடியாத சாலை...

11:48. எண் 1-09. முதல் மாடி.

11:49. எண் 1-18. இரண்டாவது மாடி.

லிஸ்டில் ஒரு வரி. அதைச் சேர்த்திருக்கலாம். பத்து விநாடி. கை விசைப்பலகையின் மேலேதான் இருந்தது. அந்தப் பயத்திலும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இப்போதும் இவளை உள்ளே விட்டால் இவள்தான் ஜெயிப்பாள். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

11:50.

எண் 1-32.

என்னுடையது 1-31.

க்ளிக்.

நெட்வொர்க் வயரைச் சாக்கெட்டில் செருகும்போது பூட்டிக்கொள்ளுமே, அந்தச் சத்தம். என் மேஜைக்கு அடியில்.

குனிந்தேன்.

சுவரில் இரண்டு சாக்கெட். ஒன்றில் என் வயர். இன்னொன்று எப்போதும் காலி. தூசி போகாமலிருக்க அதற்கு ஸ்பிரிங் வைத்த சின்ன மூடி ஒன்று உண்டு. விட்டால் தானாக மூடிக்கொள்ளும்.

மூடி திறந்திருந்தது.

உள்ளே எதுவும் இல்லை.

ஆனால் திறந்தே... நின்றது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கைப்பை மாடியிலேயே கிடந்தது.

திங்கட்கிழமை போனேன். போகாவிட்டால் டெமோ வேறு யாருக்காவது போய்விடும். என் பயத்தைவிட அந்த ஆசை ஒரு விரல் உயரமாக இருந்தது. அதிகாரிகள் எதிர்க் கட்டடத்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். என் இடத்திலிருந்தே அங்கிருக்கும் பெரிய திரைக்குப் பக்கத்தை அனுப்பிக் காட்ட வேண்டும்.

11:31. பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரை.

லாக்கைப் பார்த்தேன்.

அக்கா. வரலாமா? இல்லை.

லிஸ்டைத் திறந்தேன். ஒரே ஒரு பெயர் இருந்தது. தங்கச்சி. கடைசியாக மாற்றிய நேரம் 11:20. அந்த நேரத்தில் நான் கைகழுவும் அறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சாவி என்னிடம் மட்டும்.

என் பெயரைச் சேர்த்தேன். திரும்பத் திறந்தால் இல்லை. மறுபடி சேர்த்தேன். இல்லை. மூன்றாவது தடவை என் கண் முன்னாலேயே, எழுத்து எழுத்தாக, கடைசியிலிருந்து...

11:40-க்கு போன். மேனேஜர்.

"என்னம்மா, ஒண்ணும் வரல?"

"உள்ள விடமாட்டேங்குது சார்."

"லேப்டாப்பைத் தூக்கிட்டு இங்கயே வந்துடுங்க. நெட்வொர்க் அண்ணனும் இங்கதான் இருக்கார். பக்கத்துல உக்காந்து பாத்தா ஆச்சு. ரெண்டு நிமிஷம்."

கிட்டத்தட்ட அவள் சொன்ன அதே வார்த்தைகள். வரிசைகூட மாறவில்லை.

லேப்டாப்பை மூடி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன். கால்கள் தாமாகவே நடந்தன. 11:44-க்கு வாசல். "பாத்துப் போங்கம்மா, இன்னிக்கு வண்டி எல்லாம் பேய் மாதிரி போகுது" என்றார் செக்யூரிட்டி அண்ணன். சிரிப்பாகத்தான் சொன்னார்.

சாலை ஓரத்தில் நின்றேன்.

11:45.

ஒரு காலை இறக்கினேன்.

அவளும் இங்கேதான் இறங்கியிருப்பாள், எதிர்ப்பக்கத்திலிருந்து. என் பக்கம்தான் சொதப்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டே.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். போனை எடுத்தேன்.

"சார்... அன்னிக்கு அவ எதையும் மாத்தல."

"எவ?"

"மின்னல். லிஸ்ட்லேருந்து அவ பேரை எடுத்தது நான்தான். கேட்டப்போ இருக்குன்னு பொய் சொன்னேன். அவ என்னைப் பாக்கத்தான் வந்தா."



வெள்ளை வேன் ஒன்று, நான் கால் வைத்திருந்த இடத்தின் மேலேயே, காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. புடவைத் தலைப்பு அதன் பின்னால் இழுபட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

11:47.

"ஒரு நிமிஷம்..." என்றார் மேனேஜர். குரல் மாறியிருந்தது. "இங்க பக்கம் வந்துடுச்சே. நீங்களா அனுப்பறீங்க?"

மூடிய லேப்டாப் என் கக்கத்தில்.

"இல்ல சார்."

"நீங்க காட்டினது மாதிரி இல்லையே. இது வேற... ரொம்ப நல்லா இருக்கு. கீழே சின்ன எழுத்துல ஏதோ போட்டிருக்கு. 'அக்காவுக்கு நன்றி'ன்னு... யாரும்மா அக்கா?"

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேலை போகவில்லை. இருந்த கொஞ்சநஞ்ச மரியாதை போனது. அது நியாயம்தான். மின்னல் மீதிருந்த பழியை நீக்கி, அவள் அம்மாவுக்கு மேனேஜர் ஒரு கடிதம் எழுதினார். என் கையெழுத்தும் அதில் உண்டு. அதிகாரிகள் அந்தப் பக்கத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். கேட்கும்போது எனக்குப் பொறாமை வரவில்லை என்று சொன்னால் அது பொய். வருகிறது. வரும்போது, "நீதான்டி ஜெயிச்சே" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை மாலையே நெட்வொர்க் அண்ணனை என் இடத்துக்குக் கூட்டிவந்து லாக்கைக் காட்டினேன். 11:47. தங்கச்சி. வரலாமா? வா. அதற்கு அடுத்த வரி, 11:48. அக்கா. வரலாமா? வா. என் லேப்டாப் மூடியே கிடந்த நேரம். லிஸ்டில் இரண்டு பெயரும் இருந்தன, ஒன்றின் கீழ் ஒன்றாக.

தங்கச்சி கேட்ட எண்ணை அவர் விரலால் தொட்டார். 1-32.

"இருக்க முடியாதே..." என்றார். மேஜைக்கு அடியில் ஊர்ந்து, அந்தக் காலிச் சாக்கெட்டின் இரண்டு திருகையும் கழற்றிச் சுவரிலிருந்து எடுத்தார். பின்னால் சிமெண்ட். வெறும் சிமெண்ட். வயர் இழுக்க ஒரு துளைகூட இல்லை.

"பாத்தீங்களா? நம்பர் மட்டும்தான் ஒதுக்கினோம். வயரே போடல."

"யாருக்கு ஒதுக்கினீங்க?"

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மின்னலுக்குத்தான். உங்க பக்கத்துல சீட் போடறதா இருந்துச்சு. நீங்கதான் இடம் போதாதுன்னு சொல்லிட்டீங்களாமே."

சாக்கெட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, அதன் சின்ன மூடியை விரலால் அழுத்தி மூடிப் பார்த்தார். மூடவில்லை. ஸ்பிரிங் போயிடுச்சு என்று சொல்லிவிட்டு, வேகமாகப் போய்விட்டார்.

பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். யாரையும் அதில் உட்கார விடுவதில்லை.