மடவார் வளாகத்தில் எடுத்த ரத்தம்

நேற்று கூரியர்காரர் ஒரு மருந்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். மூடியைத் திறக்கும்போது தெர்மோகோல் கிரீச்சென்றது. உங்களுக்குப் பல் கூசுமோ என்னவோ, எனக்கு ஒரு பஸ் பயணம் ஞாபகம் வரும். தொண்ணூறுகளில் ஒரு மதியம், அப்படியொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போனேன்.

அப்போது நான் பெங்களூரில், மூளை நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய்களை ஆராயும் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சொந்த ஊர் ராஜபாளையம். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். "ஊரான் மூளையப் படிக்கிறது இருக்கட்டும், ஒனக்கு இருக்கான்னு பாத்தியாலே?" என்பார். அவரோடு ஆலையில் வேலை பார்த்த முருகேசன்தான் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னான்.

முருகேசனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அண்ணன் செல்லையா பட்டாளத்திலிருந்து வந்தவர், நாற்பதைத் தொடவில்லை. கையும் காலும் தானாகத் துள்ளின. நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. குடிகாரர் என்று பஸ்ஸிலிருந்தே இறக்கிவிட்டார்களாம். "எங்கய்யாவும் இப்பிடித்தான் சார் ஆடி ஆடிச் செத்தாரு" என்று முருகேசன் சொன்னதும் எனக்குப் பொறிதட்டியது.

எங்கள் பேராசிரியரை அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். மருத்துவரான அவர் செல்லையாவைச் சோதித்துவிட்டு, ஹன்டிங்டன் என்று நோயின் பெயரைச் சொன்னார். தமிழில் விளக்க வேண்டியது என் பொறுப்பு. நரம்பணு, மரபணு என்று வகுப்பே எடுத்துவிட்டேன். செல்லையாவின் மனைவி பாக்கியம் பொறுமையாக இருந்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ இவிய குடிக்கலன்னு நான் வெளிய சொல்லலாமா தம்பி?"

"தாராளமாச் சொல்லுங்கக்கா. இது பரம்பரையா வார நோய்."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் கதவோரம் நின்ற முருகேசனைக் கவனித்தேன். இடுப்பில் அண்ணனின் ஐந்து வயது மகள். ஒரு கையை நீட்டி, விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரம்பரைன்னா, எனக்குமா சார்?"

பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றேன். வேறெப்படிச் சொல்வது? அண்ணனின் பழியைத் துடைத்த அதே சொல் தம்பியின் தலையில் விழுந்துவிட்டது.

ஆராய்ச்சிக்கென்று அவனும் ரத்தம் கொடுத்தான். "ஆனா முடிவு எனக்கு வேண்டாம். தெரிஞ்சுட்டா பொறவு சோறு எறங்காது" என்றான்.

இருவர் ரத்தத்தையும் ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து, பெங்களூர் ரயிலைப் பிடிக்க மதுரை பஸ்ஸில் ஏறினேன். பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "எம்புட்டுக் கிலோ பால்கோவா சார்?" என்றார். சிரித்துவைத்தேன். கிருஷ்ணன்கோவில் தாண்டி டயர் வெடித்து, வெயிலில் நின்றோம். ஐஸ் உருகித் தொடையெல்லாம் நனைந்தது. பதற்றத்தில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தேன். திறந்தால் இன்னும் சீக்கிரம் உருகும் என்பதுகூட விஞ்ஞானிக்குத் தோன்றவில்லை. உள்ளே அண்ணன் ரத்தமும் தம்பி ரத்தமும் ஒரே நிறமாகத்தான் இருந்தன.

அதன்பிறகு ஒவ்வொரு முறை நான் ஊருக்கு வரும்போதும் முருகேசன் வந்து கைகளை நீட்டுவான். டீ கிளாஸ் நழுவினால் போதும், "ஆரம்பிச்சிருச்சா சார்?" என்பான். சில வருடங்கள் இப்படியே போயின. வத்திராயிருப்பில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள்.

"மறைச்சுக் கட்ட மனசு வரல. இப்பச் சொல்லுங்க சார்."

ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பதால், பெங்களூருக்கு வரவழைத்து மறுபடி ரத்தம் எடுத்தோம். முடிவு வந்த அன்று பேராசிரியரே சொன்னார். அவனுக்கு இல்லை.

துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். நாற்காலியை விட்டு எழவே இல்லை. "அண்ணன்கிட்ட இத எப்பிடிச் சார் சொல்லுவேன்?"

சொன்னானாம். அதற்குள் பேச்சு முழுவதும் போயிருந்த செல்லையா, துள்ளுகிற கையால் தம்பியின் தலையைத் தொடப் பார்த்து, தவறித் தவறி, கடைசியில் தொட்டுவிட்டாராம். கல்யாணம் முடிந்து சில மாதங்களில் அவர் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் மடவார் வளாகத்துக்குப் போயிருந்தேன். அந்த வீடு இல்லை. அதே இடத்தில் யாருடையதோ மாடிவீடு. பாக்கியமக்கா இல்லை. பேராசிரியரும் இல்லை. முருகேசன் தேவதானத்தில் தென்னந்தோப்பு பார்க்கிறான், தலை முழுக்க நரை. தோப்புக்கே போய் அவனிடம் செல்லையாவின் மகளைப் பற்றி விசாரித்தேன். அப்பாவுக்கு நோய் ஆரம்பித்த வயது இப்போது அவளுக்கு.

"மதுரையில இருக்கா. ரெண்டு பிள்ளைக. தனக்கும் இருக்கான்னு அவ இன்னும் கேக்கல சார்" என்றான். காலடியில் கிடந்த தென்னமட்டையை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு, "நானும் கேக்கச் சொல்லல" என்றான்.