தவறணை பூட்டிக் கிடந்த நாட்கள்

பின்னேரமானதும் கனிசியஸுக்கு உலகம் இரண்டாகிவிடும். குருநகர்க் கரையில் ஒரு படகு கட்டிக் கிடக்கும். அவனுக்கு இரண்டு தெரியும். ஒன்று தண்ணீரில், மற்றது சற்று மேலே, ஆகாயத்தில் மிதந்தபடி. மனைவி லவீனா தேத்தண்ணியோடு வந்தால் இரண்டு லவீனாக்கள் வருவார்கள். எந்தக் கையிலிருந்து கோப்பையை வாங்குவதென்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவான். இமைகள் தாமாகத் தாழும். நாக்குச் சோர்ந்து, சொற்கள் மூக்கு வழியே வழிந்துபோகும்.

விடிந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதுதான் அந்த நோயின் குணம். மயஸ்தீனியா என்றார் கொழும்பு வைத்தியர். இலட்சத்தில் ஒரு சிலருக்கே வருமாம்.

ஊர் அதைக் குடி என்றது. அவனும் அப்படியே விட்டுவிட்டான். பொழுதுபடத் தள்ளாடுகிற குடிகாரனை விடியப்புறம் மீன்பிடிப் படகில் ஏற்றுவார்கள். தசை தளர்ந்த நோயாளியை யார் ஏற்றுவார்? கோயிலில் சுவாமியார் குடியைப் பற்றிப் பிரசங்கம் வைத்தபோது எல்லாரும் திரும்பி அவனைத்தான் பார்த்தார்கள். தலையைக் குனிந்து அந்தப் பெயரையும் ஏற்றுக்கொண்டான்.

பிறகு கொரோனா வந்தது. ஊரடங்கில் கோயில் பூட்டு, சந்தை பூட்டு, கள்ளுத் தவறணையும் பூட்டு. அந்தக் காய்ச்சல் அவனுடைய நெஞ்சுக்கு ஆகாது, மூச்சே நின்றுவிடலாம் என்று வைத்தியர் தொலைபேசியில் எச்சரித்தார். அன்றிலிருந்து படுத்தால் தன் மூச்சுக்குத் தானே காவல் இருந்தான். கண் அயர்ந்தால் கடல் அறைக்குள் வந்துவிடும்; அலையில்லாத பச்சைக் கடல். தன் வாயிலிருந்து எழும் குமிழிகளைப் பார்த்தபடி மெல்ல மெல்லக் கீழே போவான். அங்கே பயமில்லை. விழித்த பிறகுதான் பயம்: அங்கேயே திரும்பிப் போய்விட மனம் கிடந்து ஆசைப்படுகிறதே என்று. லவீனாவோடும் கதையைக் குறைத்தான்.

ஒரு பின்னேரம் தகர வேலிக்கு அப்பாலிருந்து கிறிஸ்ரோபர் கூப்பிட்டான். அவனுடைய படகில்தான் கனிசியஸ் தொழிலுக்குப் போவது. முகக்கவசம் அவன் நாடியில் தொங்கியது.

"மச்சான், தவறணை பூட்டி எத்தினை நாளாச்சு! எங்களுக்குக் கை நடுங்குது. நீ மட்டும் பொழுதுபட்டா நல்ல வெறியிலை வலு கலாதியா நிக்கிறாய். எங்கையடா எடுக்கிறாய்?"

கனிசியஸ் தள்ளாடியபடி வேலியடிக்கு வந்தான்.

"அந்தோனியாராணை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். அரைப் போத்தல் தந்தாக் காணும்."

உள்ளே லவீனா அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு நடுவழியில் அழுகையானது. கனிசியஸ் வேலித் தகரத்தைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு பொய் சொல்லலாம், சொல்லப் பலமில்லை.

"நான் குடிக்கிறேல்லை, கிறிஸ்ரோ. பெருநாளுக்குக்கூடக் குடிக்கிறேல்லை. எனக்கு வருத்தம்."

கிறிஸ்ரோபர் சட்டென்று முகக்கவசத்தை மூக்குவரை இழுத்தான். "கொரோனாவோ?"

"இல்லையடா. இது ஒட்டாது. தசை களைக்கிற வருத்தம். இப்ப நீ எனக்கு ரெண்டு பேராத் தெரியிறாய்."

"ஒருத்தனையே ஊர் தாங்காது" என்றவன், தன் பகிடிக்குத் தானே சிரிக்கவில்லை. "உதோடையோ இவ்வளவு காலமும் என்ரை படகிலை வந்தனீ?"

"ஓம்."

"இனி ஏத்தமாட்டன், மச்சான். உன்ரை சாவு என்ரை படகிலை வேண்டாம்."

எது நடக்கக்கூடாதென்று இத்தனை காலம் பயந்தானோ அது நடந்துவிட்டது. கனிசியஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான், குரல் முடிந்துவிட்டது.

கிறிஸ்ரோபர் போகவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு வேலியோடு குந்தினான். "நீ கதையாதை. நான் கதைக்கிறன்" என்று தொடங்கினான். நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும், ஆளில்லாக் கடலில் மீன்கள் இப்போது எவ்வளவு துணிவாகக் கரைக்கு வரும் என்றெல்லாம். மேலும் சில வருடங்கள் கனிசியஸுக்குக் கிடைத்தன. அந்தப் பின்னேரங்களிலும் கிறிஸ்ரோபர் வேலியடியில் வந்து இருந்தான்.

கதை தொடங்கிய அந்த முதல்நாள் லவீனா வந்து பார்த்தபோது, தகரத்தில் தலை சாய்த்தபடி கனிசியஸ் நித்திரையாகிக் கிடந்தான். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அப்பால் கிறிஸ்ரோபர் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தான்.