கிணற்றடி நகை

புவாண்ட்-கிளேர் என்னும் இந்தக் குளிர்நாட்டு ஊரில், கடைத்தொகுதிக்கு எதிரே பஸ்ஸுக்காக நிற்கிறோம். விமானத்தில் வந்த அசதி இன்னும் தீரவில்லை, கால்கள் கெஞ்சுகின்றன. எதிரே கார்கள் நிறுத்தும் இடம் முழுக்கக் கடற்புறாக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன.

"உதுகள் ஊருக்குள்ள வந்து குந்தினால் பனிப்புயலாம்," என்கிறார், என்னைத் தன் வீட்டில் தங்க வைத்திருக்கும் அண்ணை. அவரோடு கிடங்கில் வேலை செய்யும் ஐரிஷ்காரர் ஒருவர் சொன்னதாம். அந்த மனிதரின் ஊரில் புதையலுக்கும் ஒரு விதி உண்டு. தோண்டி எடுக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் தங்கம் கல்லாகிவிடும்.

"நாங்களும் ஊரை விட்டு வெளிக்கிடேக்க கிணத்தடியில நகையைத் தாட்டுப்போட்டு வந்தனாங்கள். இப்ப அதுக்கு மேல ஆமி காம்ப்," என்கிறார் அண்ணை.

பிள்ளைகளின் பிரெஞ்சு, வீட்டு வாடகை, தன் முழங்கால் வலி என்று காலையிலிருந்து ஓயாமல் பேசிவரும் அவர் மனைவியிடம் திரும்புகிறேன்.

"என்ன நகை, அக்கா?"

அவர் பறவைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அவவிட்டக் கேளாதேங்கோ," என்கிறார் அண்ணை, குரலைத் தாழ்த்தி. "அந்தப் புதையல் கதையைக் கேட்ட நாளில இருந்து, நகையைப் பற்றி மட்டும் வாயே திறக்கிறேல்ல."

காற்று எழும்புகிறது. ஐரிஷ்காரர் சொன்னபடியே பனி கொட்டத் தொடங்குகிறது. அக்கா சால்வையை இழுத்து வாயை இறுக்க மூடிக்கொள்கிறார்.