அமெரிக்க அன்ரியும் நாய் மெத்தையும்

ஆறு வருசமாய்ச் சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு நான் அமெரிக்கக்காரி. கனடாவில, ஸ்காபரோவில ஒரு பிளாசாவின்ர மேல்மாடியில, சீலைக்கடைக்கு மேல, எங்கட தமிழ் வானொலி இருக்கு. அதில பதினைஞ்சு நிமிச நகைச்சுவை நாடகம். எழுதுறதும் நான்தான், பிரதான பாத்திரமும் நான்தான். "அமெரிக்க அன்ரி" எண்டால் அஜக்ஸ் தொடக்கம் றிச்மண்ட் ஹில் வரைக்கும் சனத்துக்குத் தெரியும். கோயிலில அர்ச்சனைத் தட்டோட நிக்கேக்கையும் ஆரும் வந்து, "தங்கச்சி, ஒருக்கா அந்த 'ஓ மை கோட்' சொல்லுங்கோ" எண்டு கேப்பினம். சொல்லுவன். ஐயரும் சிரிப்பார்.

அமெரிக்க அன்ரி சமைக்க மாட்டா. அவவின்ர குசினியில இருக்கிற ஒரே ஆயுதம் தகரம் திறக்கிற சாமான்தான். சப்பாத்தோட கட்டிலில ஏறுவா. கட்டிலில நாய், சோபாவில புருசன். கைப்பைக்குள்ள லிப்ஸ்ரிக்குக்குப் பக்கத்தில குண்டு போட்ட துவக்கு. பிள்ளைக்குப் பதினெட்டு வயசு வாற அண்டைக்குக் கேக் வெட்டி, மெழுகுதிரி ஊதி, சூட்கேசைக் கையில குடுத்து வாசல் கதவைச் சாத்திப்போடுவா. பிறகு வருசத்தில ஒருக்கால், பிறந்தநாளுக்குப் போன் எடுத்து, "ஹலோ, ஆர் கதைக்கிறது?" எண்டு பிள்ளையிட்டையே கேப்பா. இந்தக் கட்டத்துக்குத்தான் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

உண்மையைச் சொல்லட்டோ? அமெரிக்காவுக்கு நான் போனது நாலு தரம். நாலும் எல்லையோரப் பஃபலோவுக்கு, மலிவாய்ச் சப்பாத்து வாங்க. மிச்ச அமெரிக்கா முழுக்க ரீவியில பாத்ததும் நானே அவிச்சு இறக்கினதும்தான். வெள்ளைக்காரரைப் பற்றிப் பகிடி விட எங்களுக்கு ஆசை, ஆனால் இஞ்சத்தை வெள்ளைக்காரர் பக்கத்து வீட்டில இருக்கினம், வேலையில மனேச்சராய் இருக்கினம். முகத்தைப் பாக்க வேணுமெல்லோ. அதாலை எல்லைக்கு அங்காலை இருக்கிறவையைப் பிடிச்சன்.

போன வைகாசியில மகள் குசினிக்குள்ள வந்து, "அம்மா, நான் ஒராளை விரும்புறன். ஹீ இஸ் அமெரிக்கன்" எண்டாள். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நிண்டன். வெட்டுறதை நிப்பாட்டேல்லை. அவள் கதைச்சு முடிக்க, இருபது பேருக்குக் காணுமான கத்தரிக்காய் வெட்டிப்போட்டன்.

பெடியன் தங்கமான பெடியன். மகளோட வேலை செய்யிறவன், வாசலில சப்பாத்தைக் கழட்டுவான், புட்டைக் கையால குழைச்சுச் சாப்பிடுவான். பிரச்சினை அவன்ர தாய். ஒகாயோவில மாட்டுப்பண்ணை வச்சிருக்கிற மனுசி. "முதல்ல அவையின்ர வீட்டை நான் போய்ப் பாக்க வேணும், பிறகுதான் கலியாணக் கதை" எண்டு சொல்லிப்போட்டாவாம். எங்கட ஆக்கள் தோத்துப்போவினம்.

மகள் என்ர ரெண்டு கையையும் பிடிச்சாள். "அம்மா, பிளீஸ். அந்த புறோகிராமைப் பற்றி மூச்சும் விடாதேங்கோ. அவ மனம் நொந்து திரும்பிப் போனா எண்டால், அவன் தாயை விட்டிட்டு வரமாட்டான். நானும் வரச்சொல்லமாட்டன்."  நான் சத்தியம் பண்ணிக் குடுத்தன்.

ஆனால் பாருங்கோ, நான் என்ர வாயைத்தான் கட்டினன். வீட்டுக்காரரை மறந்துபோனன்.

இவர் ஒரு சனிக்கிழமையும் என்ர நாடகத்தைத் தவறவிட்டதில்லை. பகிடியெண்டு நினைச்சுக் கேக்கிறார் எண்டுதான் நானும் நினைச்சன். மனுசன் பாடமாய்க் கேட்டிருக்கிறார். அவ வாற ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிப் பாக்கிறன், இருபத்திநாலு கோக் தகரம், கடதாசிக் கோப்பை. வாசலில இருந்த சப்பாத்துத் தட்டைக் காணேல்லை. "அவ சப்பாத்தோட வருவா, இதைக் கண்டால் கூச்சப்படுவா" எண்டார். "மேல் அறையை நான் பாத்துட்டன், நீர் சமையலைப் பாரும்" எண்டும் சொன்னார். எனக்குக் கணவாய்க் கறி அடுப்பில. நான் மேல போகேல்லை.

பதினொரு மணிக்கு வந்திட்டா. ஏழு மணித்தியாலம் தனியக் கார் ஓடி வந்தவ, அவவின்ர மனுசன் பால் கறக்க நிண்டிட்டாராம். உயரமான, சாதுவான மனுசி. வாசலில சப்பாத்தைக் கழட்டி, எங்கை வைக்கிறதெண்டு தெரியாமல் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டா. மற்றக் கையில தானே சுட்ட அப்பிள் பை. இவர் அவவைத் தாண்டிப் போய்க் கார்க் கண்ணாடிக்குள்ளால எட்டிப் பாத்தார். ஏனெண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

மட்டன் றோல்ஸ் மூண்டு சாப்பிட்டா. தேங்காய்ப்பால் சொதியை எப்பிடி வைக்கிறதெண்டு கேட்டா. பெடியனுக்குப் பக்கத்தில இருந்த மகளின்ர முகத்தில இரத்தம் திரும்பி வந்தது. பிறகு அவ உடுப்புப் பையை வைக்க மேல போனா, சிரிச்சுக்கொண்டு கீழ வந்தா. அவ இங்கிலீசில கேட்டதைத் தமிழில சொல்லுறன்: "மேல வடிவான நாய் மெத்தை ஒண்டு கிடக்கு. உங்கட நாய் எங்கை?"

"அது உங்கட நாய்க்கு" எண்டார் இவர், பெருமையாய்.

"எனக்கு நாய் இல்லையே. மாடுதான், நாப்பது. ஆர் சொன்னது நாய் இருக்கெண்டு?"

பொய் சொல்லத் தெரியாத மனுசன் விரலை நீட்டி என்னைக் காட்டினார். "இவதான். றேடியோவில."

பிறகென்ன, எல்லாம் வெளியில வந்திட்டுது. மகள் கதிரையில அப்பிடியே இருந்திட்டாள். "மொம், இட்ஸ் ஜஸ்ற் எ ஜோக்" எண்டு பெடியன் சமாளிச்சுப் பாத்தான். அவ கேக்கேல்லை. "எனக்குக் கேக்க வேணும். போடுங்கோ."

மகள் போனில போன கிழமை நாடகத்தைப் போட்டு, வசனம் வசனமாய் மொழிபெயர்த்தாள். தகரம் திறக்கிற கட்டத்துக்கு அவ சிரிச்சா. துவக்குக் கட்டத்துக்குத் தன்ர கைப்பையைத் திறந்து, மாட்டின்ர மடிக்குப் பூசிற களிம்பை எடுத்து மேசையில வச்சா. நாய்க் கட்டத்துக்கு மேல் அறையை அண்ணாந்து பாத்துக் கண்ணில தண்ணி வரச் சிரிச்சா. இவரும் சேந்து சிரிச்சார், தன்னைத்தான் சொல்லினம் எண்டு தெரியாமல். எனக்கும் தலைக்கேறிட்டுது. எழும்பி நிண்டு அமெரிக்க அன்ரியாய் நடக்கவும் தொடங்கினன். விசரி.

அப்பத்தான் பதினெட்டாம் பிறந்தநாள் வந்தது. மகள் போனை நிப்பாட்டப் போனாள், அவ கையைத் தூக்கித் தடுத்தா. சூட்கேஸ், கதவு, போன் எல்லாத்தையும் மகள் சின்னக் குரலில சொன்னாள். ஆரும் சிரிக்கேல்லை.

அவ தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வச்சா. "இவனைப் பதினெட்டு வயசில படிக்கக் கொண்டுபோய் விட்டது நான்தான். திரும்பி வரேக்கை பெற்றோல் செற்றில காரை நிப்பாட்டி அழுதனான். ரெண்டு கிழமையாய் இவனுக்கும் சேத்துச் சாப்பாட்டுக் கோப்பை வச்சனான். நான் கதவைச் சாத்தேல்லை."

 மகளைப் பாக்கவும் பயமாய்க் கிடந்தது. மன்னிப்புக் கேக்கத்தான் வாயைத் திறந்தன், வந்தது வேற.

"என்ர அம்மா சாத்தினவ" எண்டன். "எனக்கும் அப்ப பதினெட்டு. ஊரில சண்டைக் காலம். சூட்கேசைத் தந்து, என்னைக் கொழும்புக்குப் போற வானில ஏத்திப்போட்டுப் படலையைச் சாத்தினவ. திறந்து கிடந்தால் நான் இறங்கி ஓடியந்திடுவன் எண்டு அவவுக்குத் தெரியும். பிறகு வருசத்தில ஒருக்கால், என்ர பிறந்தநாளுக்கு, கொழும்புக்கு வந்து ஒரு கடையில இருந்து கனடாவுக்குப் போன் எடுப்பா. லைன் சரியில்லை, என்ர குரலும் மாறிட்டுது. ஆர் கதைக்கிறது, ஆர் கதைக்கிறது எண்டு கேப்பா."

சொல்லி முடிக்கத்தான் எனக்கே உறைச்சது. ஆறு வருசமாய் நான் றேடியோவில சாத்தினது ஆரின்ர படலை எண்டு.

அவ கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குக் கிட்ட வந்தா. பிறகு சொன்னா, "அப்ப உங்கட அம்மாவும் அமெரிக்க அன்ரிதான்."

 பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பெண்டால் வயிற்றைப் பிடிச்சுக்கொண்டு, மேசையில தலையை வச்சுச் சிரிப்பு, அதுக்குள்ள அழுகையும். அவவும் சிரிச்சா. மகள் எங்கள் ரெண்டுபேரையும் கட்டிப்பிடிச்சு, "யூ கைஸ் ஆர் கிறேசி" எண்டாள்.

மற்றநாள் பின்னேரம் வெளிக்கிடேக்கை, "கலியாணத்துக்கு வெண்ணெய் என்ர பக்கத்தால" எண்டு சொல்லிக் காரில ஏறினா. நாய் மெத்தையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனா. புதுசாய்ப் பிறந்த கன்றுக்குட்டிக்காம்.

அடுத்த சனிக்கிழமை நாடகத்தில அமெரிக்க அன்ரி வழக்கம்போலப் பிள்ளைக்குப் போன் எடுத்தா. "சாப்பிட்டியோ?" எண்டு மட்டும் கேட்டா. முடிய நேயர் ஒருத்தர் லைனில வந்தார், வழமையாய் எடுக்கிற அங்கிள்தான்.

"தங்கச்சி, உது பிழை. அமெரிக்காவில ஆர் எடுத்துச் சாப்பிட்டியோ எண்டு கேக்கிறது?"

"ஒராள் இருக்கிறா, அங்கிள்" எண்டன். "நேற்று என்னட்டைக் கேட்டவ."