மூன்றாவது தூணில் மூன்று தட்டு

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பாலங்களைச் சோதிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் கல்லைத் தட்டித் தட்டி, முட்டி, முதுகு எல்லாம் போய்விட்டது. காது மட்டும் உருப்படியாக இருக்கிறது. அந்தக் காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

அது ஒரு கல் பாலம். வயது நூற்று நாற்பத்தொன்று. ஐந்து வளைவு, நான்கு தூண். கட்டும்போதே மூன்றாவது தூண் இரண்டு முறை சரிந்ததாம். அப்போதெல்லாம் கொத்தனார்களைக் கயிற்றில் கட்டித் தூணோரம் இறக்குவார்கள். ஆற்று இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே கேட்காது. அதனால் சுத்தியலால் கல்லில் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால், நல்லா இருக்கேன். மூன்று என்றால், தூக்கு. கேட்டுவிட்டது என்பதற்கு மேலே இருப்பவன் அதே எண்ணிக்கையைத் திருப்பித் தட்ட வேண்டும். பழைய வரைபடத்தின் ஓரத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாலத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். நானும் என் தம்பியும்.

தம்பி போனது அந்த மூன்றாவது தூணில்தான். மேலே கயிறு என் கையில் இருந்தது. மாலை 6.10. ஆற்றில் திடீரென்று தண்ணீர் ஏறியது. டக்... டக்... அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் பாலத்தில் ஏறித் தொலைத்தது. மூன்றாவதாக ஏதோ கேட்டது. பஸ் அதிர்வு என்று விட்டுவிட்டேன். இரண்டு தட்டித் திருப்பினேன். கீழே அவனுக்கு அது கேட்டிருக்கும். பிறகு இழுத்தபோது வெறும் கயிறு வந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

விசாரணையில், "ரெண்டு தட்டுதான் சார் வந்துச்சு" என்றேன்.

தம்பி மனைவியும் கேட்டாள். "அவரு கூப்பிடவே இல்லையா மாமா?"

"இல்லம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ போட எழுந்தாள். அந்த டீயை எப்படிக் குடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பாவி, குடித்தேன்.

பதினாறு மாதம் கழித்து, பாலத்தை இடிப்பதா வைப்பதா என்று பார்த்துச் சொல்ல என்னையே அனுப்பினார்கள். இப்போதெல்லாம் சோதனை நேரத்தில் பஸ் விடுவதில்லை. ஐந்தரைக்குப் போக்குவரத்தை நிறுத்தியதும் படகில் போனேன்.

5.50. மூன்றாவது தூண். தட்டினேன். நல்ல கல் கணீரென்று பேசும். இது பொத்தென்றது. உள்ளே காலி. நீலச் சாக்பீஸால் வட்டம் போட்டேன்.

படகுக்காரர் வாட்சைப் பார்த்தார். "சீக்கிரம் முடிங்க சார். ஆறு மணிக்கு மேல இந்தத் தூணு சத்தம் போடும்."

"என்ன சத்தம்?"

"வெயில்ல காஞ்ச கல்லு ஆறுதுல்ல... டக்டக்குனு. தினமும்தான்."

"எப்ப இருந்து?"

யோசித்தார். "போன வெள்ளத்துக்கு அப்புறம்."

வாட்சைப் பார்த்தேன்.

6.10.

டக்... டக்... டக்.

கல் ஆறினால் இப்படி எண்ணித் தட்டாது. காதைத் தூணில் வைத்தேன். சில்லென்று இருந்தது.

தம்பிக்கு ஒரு பழக்கம். மூன்றாவது தட்டை மட்டும் தாமதமாக, மெதுவாகத் தட்டுவான். "சத்தமா தட்டுடா எருமை" என்று எத்தனை முறை திட்டியிருக்கிறேன்!

டக்... டக்......... டக்.

உள்ளே இருந்து...

மெதுவாக...

சுத்தியலை எடுத்தேன்.

தட்டினேன். மூன்று.

அமைதி.

ஆறுகூடச் சத்தம் போடவில்லை.

பிறகு...

டக்... டக்.

இரண்டு.

"டேய்!" என்று கத்தினேன். படகில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். படகுக்காரர் துடுப்புப் போட்டார். மறுநாளிலிருந்து தூண் சத்தம் போடவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

மூன்று வாரம் கழித்து, நான் வட்டம் போட்ட இடத்தில் துளையிட்டுக் கேமராவை உள்ளே விட்டார்கள். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம். சுற்றிலும் கட்டிய நாளின் சுண்ணாம்புப் பூச்சு, ஒரு விரிசல்கூட இல்லை. எலும்பும் இல்லை. உட்சுவரில் மட்டும் நீலச் சாக்பீஸ் கோடுகள். மூன்று மூன்றாக, வரிசை வரிசையாக.

கேமரா ஓட்டிய பெண் எண்ணிச் சொன்னாள். நானூற்று எண்பத்தேழு மூன்று. தம்பி போன நாளிலிருந்து நான் பதில் தட்டிய மாலைவரை சரியாக அத்தனை நாள்.

கடைசியில் மட்டும் இரண்டே கோடு.

அன்றே தம்பி மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், மூன்றாவது தட்டு, என் பொய், எல்லாம். படத்தையும் காட்டினேன். ஒவ்வொரு வரிசையாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

"இத்தனை நாளும் கூப்பிட்டாரா?"

"ஆமாம்மா."

"நீங்க இங்க வந்து டீ குடிச்சிட்டுப் போன நாள்லயுமா?"

அவள் எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்தாள். வெளியே வந்தேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்பிக் கதவைத் தட்டக் கையை ஓங்கினேன். எத்தனை தட்டுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.